ஆறு இலக்கங்களும் ஓர் அமானிதமும்



சில மாதங்களுக்கு முன்னர் ஒரு நாள் பாடசாலை இடைவேளையில், தரம் 7 மாணவி ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. என்ன பிள்ளை என்று கேட்டதும் ஒரே மூச்சில் சொன்னாள்: "மௌலவி சேர், அமானிதச் சல்லி தொலைஞ்சா திருப்பிக் குடுக்கணுமா? மூத்தம்மா குடுக்கணுமா, நான் குடுக்கணுமா?"

அதற்கு முந்திய வாரம்தான் அந்த வகுப்பில் அமானிதம் பற்றிய பாடம் நடந்திருந்தது. ஹிஜ்ரத்தின் இரவில் நபி (ஸல்) அவர்கள் புறப்பட்டுச் சென்றபோது, தம்மிடம் மக்காவாசிகள் ஒப்படைத்திருந்த பொருட்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலி (ரழி) அவர்களை நிறுத்திச் சென்ற வரலாற்றைச் சொல்லியிருந்தேன். பகை பாராட்டியவர்களே தம் பொருளை நபியவர்களிடம்தான் வைத்திருந்தார்கள் என்பது பிள்ளைகளுக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். எனவே பாடத்தில் எழுந்த சந்தேகமாக்கும் என்று எண்ணினேன். விடயம் அதுவல்ல.

அவளுடைய உம்மா சவூதியில் வீட்டுப் பணிப்பெண். பிள்ளை இங்கே மூத்தம்மாவுடன் வளர்கிறாள். உம்மா அனுப்பும் சல்லி மூத்தம்மாவின் வங்கிக் கணக்குக்கு வரும். மூன்று மாதச் சம்பளம் வீட்டுக் கூரை வேலைக்கென்று சேர்ந்திருந்தது. இரண்டரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு பின்னேரம் மூத்தம்மாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. உங்கள் இலக்கத்துக்குப் பரிசு விழுந்திருக்கிறது, அதைக் கணக்கில் போட வேண்டும், வங்கிக் கணக்கு இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சொல்லுங்கள் என்றான். சொன்னார். "இப்போது உங்கள் போனுக்கு ஆறு இலக்கம் வரும், அதையும் வாசியுங்கள்" என்றான். குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வந்தது. மூத்தம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பேத்தியைக் கூப்பிட்டார். பிள்ளை ஆறு இலக்கங்களையும் பிழையில்லாமல், உரத்த குரலில் வாசித்துக் காட்டினாள்.

இலக்கங்களுக்குப் பின்னால் இதை எவரிடமும் சொல்ல வேண்டாம் என்று அதே செய்தியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்டதை மட்டும் வாசித்தாள். அஸர் தொழுகைக்கு முன் கணக்கில் சில நூறு ரூபாய்தான் மிஞ்சியிருந்தது. வங்கிக்குப் போனார்கள், இரகசிய இலக்கம் உங்கள் போனிலிருந்துதான் போயிருக்கிறது என்றார்கள். பொலிஸில் முறைப்பாடு எழுதப்பட்டது. இதை எழுதும் வரை ஒரு ரூபாயும் திரும்பவில்லை.

இந்தத் தந்திரம் எப்படி நடக்கிறது என்பதை வாசக சகோதர சகோதரிகள் விளங்கிக்கொள்ள வேண்டும். இன்று ஒருவர் தம் வங்கிக் கணக்கைக் கையடக்கத் தொலைபேசியில் உள்ள பணம் செலுத்தும் செயலி ஒன்றுடன் இணைத்துக்கொள்ளலாம். அதன்பின் வங்கிக்குப் போகாமலே மின்கட்டணம் கட்டலாம், கடைக்குக் கொடுக்கலாம், இன்னொருவருக்கு அனுப்பலாம். நல்ல வசதிதான். மூதூரிலிருந்து திருகோணமலைப் பட்டினத்துக்குப் படகேறிப் போய் வரிசையில் நின்ற காலத்தை அறிந்தவன் இதைப் பழிக்க மாட்டான். ஆனால் ஒரு கணக்கைச் செயலியுடன் இணைக்கக் கேட்கப்படுபவை பெரும்பாலும் மூன்றே: கணக்கு இலக்கம், அடையாள அட்டை இலக்கம், கணக்குக்காரரின் தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கம். முதல் இரண்டும் இரகசியமே அல்ல. எத்தனை விண்ணப்பப் படிவங்களில், எத்தனை கடைகளில் அவற்றை எழுதிக் கொடுத்திருப்போம்! காவல் முழுவதும் அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது.

ஆறு இலக்கம் என்றால் பத்து இலட்சம் விதமாக அமையலாம். சில தடவை பிழைத்தால் வழி அடைபட்டுவிடும். சில நிமிடத்தில் அந்த இலக்கமே செல்லாமற் போகும். ஆகவே திருடனால் அதை ஊகிக்க முடியாது. அவனுக்கிருக்கும் ஒரே வழி உங்களிடம் கேட்பது. அதனால்தான் பரிசு என்கிறான், கணக்கு முடங்கப்போகிறது என்கிறான், நிவாரணப் பணம் என்கிறான், பார்சல் வந்திருக்கிறது என்கிறான். மூத்தம்மா இலக்கத்தைச் சொன்ன கணத்தில் அவருடைய கணக்கு எவனோ ஒருவனின் தொலைபேசியில் போய் ஒட்டிக்கொண்டது. பிறகு நடந்ததெல்லாம் அந்தத் தொலைபேசியிலிருந்து சாவகாசமாக நடந்தது.

பிள்ளையின் கேள்விக்கு வருவோம். வயது வராத பிள்ளை மீது எந்தக் குற்றமும் இல்லை என்று அங்கேயே சொல்லி அனுப்பினேன். மூத்தம்மாவின் விடயம் அத்தனை இலகுவாக இல்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜை நாங்கள் அரபுக் கல்லூரியில் ஓதினோம். அதில் வதீஆ, அதாவது பாதுகாப்புக்காக ஒப்படைக்கப்படும் பொருள் பற்றிய பாடத்தின் அடிப்படை இது: ஒப்படைக்கப்பட்டவர் நம்பிக்கைக்குரியவர், அவருடைய கவனயீனம் இல்லாமல் பொருள் அழிந்தால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. கவனயீனம் இருந்தால் கொடுக்க வேண்டும். எவையெல்லாம் கவனயீனம் என்று அங்கே எண்ணிச் சொல்லப்படும். அந்தப் பொருளுக்குத் தகுந்த காவல் இல்லாத இடத்தில் வைப்பது ஒன்று. பொருள் இருக்கும் இடத்தைத் திருடனுக்குக் காட்டிக்கொடுப்பது இன்னொன்று.

ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் டமஸ்கஸில் வாழ்ந்த ஓர் இமாம் எழுதியது. எத்தனையோ ஆண்டுகளாக இந்த வரிகளுக்கு ஆட்டுத் தொழுவத்தையும் நகைப் பெட்டியையும் உதாரணம் சொல்லிக் கற்பித்து வந்திருக்கிறேன். தொலைபேசியையும் ஆறு இலக்கத்தையும் ஒரு நாளும் சொன்னதில்லை. காட்டிக்கொடுத்தவருக்கு எதிரே பேசுபவன் திருடன் என்று தெரியாதே, அப்போது சட்டம் என்ன என்று எங்கள் உஸ்தாத் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். அறியாமை பாவத்தை நீக்கும், ஈட்டுப் பொறுப்பை எல்லா வேளையும் நீக்காது என்று சொன்ன அவர், "முதலில் சல்லிக்குச் சொந்தக்காரி யார் என்று பார், அவளிடம் பேசு" என்றார்.

சொந்தக்காரி யார் என்பதில்தான் நம் வீடுகளில் பெரிய குழப்பம். வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் அனுப்புவதை "வீட்டுச் சல்லி" என்று சொல்லிப் பழகிவிட்டோம். தம்பிக்கு மோட்டார் சைக்கிள், மச்சானுக்குக் கைமாற்று, கணவனுக்குக் கடன் அடைப்பு என்று அது போகும். அவள் இதற்கென்று சொல்லி அனுப்பியிருந்தால், இங்கே வாங்குபவர் அவளுடைய வகீல், பொறுப்பாளர் மட்டுமே, உடைமையாளர் அல்ல. 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ரிஸானா நபீக் எங்கள் மூதூர்ப் பிள்ளை. 2005இல், வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டோடு போனவள். அந்தச் செய்தி வந்த நாளை நாங்கள் மறக்கவில்லை. அந்த வழியாகப் போய் வரும் சல்லி இது.

சவூதியில் இருந்த உம்மாவிடம் பேசும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த மூத்தம்மா ஒரு வாரமாக மகளின் அழைப்பை எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன் என்றார். முழுவதையும் சொல்லி முடித்தேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு கேட்டாள்: "மௌலவி, புள்ள சாப்புடுறாளா?" அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். சாப்பிடச் சொல்லுங்கள், உம்மாவுக்கு நான் பொறுத்துக்கொண்டேன் என்று சொல்லுங்கள் என்றாள். இதற்கு எங்கள் பாடத்தில் இப்ரா என்று பெயர். உரியவர் தம் உரிமையிலிருந்து மற்றவரை விடுவிப்பது. சட்டப்படி விடயம் அங்கே முடிந்தது. அதோடு அவள் இன்னொன்றும் சொன்னாள்: "இனி உம்மாட கையில போனக் குடுக்க வாணாம்." அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. போனைப் பறித்தால் அடுத்த மாதம் அந்தச் சல்லி வேறொருவரின் கணக்குக்குப் போகும். அந்த வேறொருவரைப் பற்றி எனக்கு மூத்தம்மாவை விட நம்பிக்கை இல்லை.

இந்த நினைவோடு திரிந்த நாட்களில் சம்பூருக்குப் போக நேர்ந்தது. கூட வேலை செய்யும் ஆசிரியர் ஒருவர் அந்த ஊர்க்காரர். அவருடைய தாயாருக்குச் சுகமில்லை என்று பார்க்கப் போனோம். மூதூரிலிருந்து கட்டைபறிச்சான் பாலத்தைக் கடந்தால் வெகு தூரமில்லை. அம்மா திண்ணையில் எழும்பி உட்கார்ந்திருந்தார். தேநீர் வந்தது. பேச்சு எங்கெல்லாமோ சுற்றி இந்தக் களவுக்கு வந்ததும், "எனக்கும் வந்தது மௌலவி, அந்தக் கோல்" என்று சிரித்தார்.

அவருடைய மகள் ஒருத்தி குவைத்தில். அழைத்தவன் கணக்கு முடங்கப்போகிறது என்றிருக்கிறான். அம்மா, "நில்லு தம்பி, கொப்பிய எடுத்துக்கொண்டு வாறன்" என்று உள்ளே போய்விட்டார். வந்து, "கடைசியா எவ்வளவு வந்தது, எந்தத் திகதி எண்டு நீ சொல்லு பாப்பம், நான் கொப்பியில சரி பாக்கிறன்" என்றாராம். அவன் வைத்துவிட்டான். (ஒரு எச்சரிக்கை: சில கெட்டிக்காரத் திருடர்கள் சரியான விபரங்களையும் எங்கிருந்தோ எடுத்து வைத்திருப்பார்கள். அவன் சரியாகச் சொன்னாலும் ஆறு இலக்கத்தைக் கொடுக்கக் கூடாது. உண்மையான வங்கிக்காரர் அதைக் கேட்கவே மாட்டார்.)

அந்தக் கொப்பியைப் பார்க்கத் தந்தார். சாதாரண சீ.ஆர். கொப்பி. திகதி, அங்கே எவ்வளவு, என்ன விலைக்கு, இங்கே எவ்வளவு ரூபாய், யார் எடுத்தது, எதற்கு என்று கோடு கிழித்து எழுதப்பட்டிருந்தது. ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் குர்ஆனின் மிக நீண்ட வசனம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடும் வசனம். அதை ஓதும் எத்தனை வீட்டில் இப்படி ஒரு கொப்பி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். என் வீட்டிலும் அன்று இருக்கவில்லை.

இதற்கு முந்திய கொப்பி 2006இல் போய்விட்டது என்றார் அம்மா. அந்த ஆண்டு ஏப்ரலில் குண்டு விழத் தொடங்கியதும் சம்பூர் மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் நாங்கள் கந்தளாய்க்கு நடந்தோம். நாங்கள் சில வாரங்களில் திரும்பினோம். சம்பூர் மக்களுக்கோ 2015, 2016 ஆண்டுகளில்தான் தம் காணிகளுக்குத் திரும்பக் கிடைத்தது. அரிசிப் பானைக்குள்ளும் தலையணைக்குள்ளும் சல்லி வைத்திருந்தவர்களுக்கு இரு ஊரிலும் ஒரே கதிதான். அம்மா வங்கிப் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாராம்; முகாமில் இருந்தபடியே அந்தக் காசை எடுத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தார். வட்டிக்குப் பயந்து வங்கிப் பக்கமே போகாத சகோதரர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேணுதலை மதிக்கிறேன். ஆனால் 2005இல் நம் நாட்டு வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இலாப நட்டப் பங்கு முறைக்கு இடம் வந்துவிட்டது. 2011 முதல் அமானா வங்கி முழுவதும் வட்டியற்ற வர்த்தக வங்கியாக இயங்குகிறது. வேறு பல வங்கிகளிலும் அதற்கெனத் தனிப்பிரிவு உண்டு. தலையணைக்கு இனி நியாயம் இல்லை.

கொப்பியில் ஓரிடத்தில் விலை எழுதும் கோட்டில் "ஆள் மூலம்" என்று பல வரிகள். 2021, 2022 ஆண்டுகள். உண்டியல் காலம். அப்போது உத்தியோகபூர்வமாக டொலர் 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு டொலருக்கு 3.75 ரியால் என்பது சவூதியின் நிலையான கணக்கு. ஆகவே ஒரு ரியாலுக்கு வங்கியில் 54 ரூபாய் அளவில் கிடைத்தது. உண்டியல்காரர் அதைவிடப் பல ரூபாய் கூடக் கொடுத்தார். 2021 டிசம்பரில் வங்கி வழியாக வருவதற்கு டொலருக்கு 10 ரூபாய் ஊக்கத்தொகை என்று அறிவித்தும் மக்கள் திரும்பவில்லை. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளரின் பணம் 2022இல் 3.8 பில்லியனுக்குக் கீழே போனது. எரிவாயு வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் ஞாபகமிருக்கும். 2022 மார்ச்சில் ரூபாயை விட்டுவிட்டார்கள். மே மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டது, அதாவது ரியால் 96.

உண்டியலில் அனுப்பிய பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். வியர்வைக்குக் கூடுதல் விலை தருபவனிடம் எவரும் போவார்கள். ஆயினும் அது சட்டத்துக்குப் புறம்பானது, பற்றுச்சீட்டும் இல்லை. நம் பிக்ஹு நூல்களில் ஹவாலா என்றிருப்பதை இதற்கு ஆதாரம் காட்டுவோர் உண்டு. அங்கே சொல்லப்படுவது ஒருவர் மீதுள்ள கடனை மற்றொருவர் மீது மாற்றுவது, சம்பந்தப்பட்டவர்கள் அறிந்து செய்வது. அம்மாவின் கொப்பியில் ஒரு வரியில் திகதியும் தொகையும் இருக்க, "கிடைத்தது" என்ற இடம் வெறுமையாக இருந்தது. ஆள் வரவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? பேரும் தெரியாது, ஊரும் தெரியாது.

இன்று வங்கி விலைக்கும் வெளி விலைக்கும் அன்றைய இடைவெளி இல்லை. 2024இல் வெளிநாட்டுப் பணம் மீண்டும் 6.5 பில்லியனைத் தாண்டியது. எனினும் வங்கிக்கு வங்கி, செயலிக்குச் செயலி விலை வேறுபடும். அனுப்பும் கட்டணம் இலவசம் என்று விளம்பரம் செய்வார்கள். கட்டணத்தைக் கேட்காதீர்கள். "ஆயிரம் ரியால் தந்தால் ஊரில் எத்தனை ரூபாய் கையில் விழும்?" என்று அனுப்புபவர் இரண்டு மூன்று இடத்தில் கேட்கட்டும். ரியாலுக்கு ஒரு ரூபாய் குறைந்தால் ஆயிரம் ரூபாய் போயிற்று. எந்த இலவசமும் அதை ஈடுசெய்யாது. எங்கள் மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் அன்றன்றைய நாணய விலையை வெளியிடுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை பார்த்துச் சொல்லும்.

மூத்தம்மாவின் வீட்டில் நாங்கள் செய்த ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். இப்போது கணக்கு இரண்டு. மகளின் பெயரிலேயே ஒன்று; பணம் முதலில் அங்கே வரும்; அது எந்தச் செயலியுடனும் இணைக்கப்படவில்லை; சல்லி அசைந்தால் செய்தி சவூதியிலுள்ள மகளுக்குப் போகும் ஏற்பாடு. மாதச் செலவுக்குரியது மட்டும் மூத்தம்மாவின் கணக்குக்கு மாறும். திருடன் வந்தாலும் ஒரு மாத மளிகைதான் போகும். பேத்திக்கு மூன்று ஆங்கிலச் சொற்களைப் படிப்பித்தேன்: டூ, நொட், ஷெயார். இந்த மூன்றும் இருக்கும் செய்தியை வாய்விட்டு வாசிக்கக் கூடாது. செய்திகளைத் தமிழில் அனுப்ப முடியுமா என்று உங்கள் வங்கியில் கேட்டுப் பாருங்கள். கேட்பவர் பெருகினால் ஒரு நாள் எல்லோரும் அனுப்புவார்கள்.

தவறிச் சொல்லிவிட்டால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை. வங்கிப் புத்தகத்திலோ அட்டையிலோ உள்ள அவசர இலக்கத்துக்கு அந்த நிமிடமே பேசி கணக்கை நிறுத்தச் சொல்ல வேண்டும். களவாடிய பணம் நிமிடக் கணக்கில் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். விடிந்து போவோம் என்றால் சுவடும் இராது. அழைப்பு வந்த இலக்கம், நேரம், தொகை மூன்றையும் எழுதிக்கொண்டு பொலிஸுக்குப் போகலாம். வங்கியின் பதிலில் திருப்தி இல்லையென்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்தில் முறையிடலாம். வெட்கப்பட்டு மறைப்பவர்கள்தான் நம்மிடையே அதிகம். இந்தக் கதையை ஜும்ஆவுக்குப் பின் பெயர் சொல்லாமல் பள்ளிவாசலில் சொன்னேன். அன்று மாலைக்குள் மூன்று பேர் தனித்தனியாக வந்து தமக்கும் நடந்ததைச் சொன்னார்கள். அதில் ஒருவர் பட்டதாரி.

சம்பூர் அம்மாவின் கொப்பியைப் போல ஒன்று வாங்கி மூத்தம்மாவிடம் கொடுத்தேன். பேத்திதான் எழுதுகிறாள். சென்ற வாரம் பார்த்தபோது முதல் பக்கத்தில் போன தொகை முழுவதும் கடன் என்று எழுதப்பட்டிருந்தது. கீழே 500, 300, 500 என்று வரிகள். காலையில் இடியப்பம் அவித்து விற்பதில் மிச்சம் பிடித்து மகளின் கணக்கில் போடுகிறாராம். மகள் பொறுத்துவிட்டாள், சட்டப்படி உங்கள் மீது எதுவும் இல்லை என்று இரண்டு தடவை எடுத்துச் சொன்னேன். "அது அவட மனசு மௌலவி. இது என்ட கணக்கு" என்றார். பேத்தி பேனையைத் திறந்துவைத்துக்கொண்டு அன்றைய தொகைக்காகக் காத்திருந்தாள்.